பின்சீட்டில் ஒரு கல்

முதலில் அநியாயம் செய்தவன் பரஞ்சோதி. அதற்குப் பிறகு குழந்தைவேலு யாரோடு முகத்தைத் திருப்பினாலும், யாருடைய கலியாண வீட்டில் சாப்பிடாமல் எழும்பி வந்தாலும், எல்லாம் அந்த முதல் அநியாயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். இதை அவர் தனக்குள்ளே ஒரு நாளைக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொள்வார், பல்லு விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இப்போது போல முழங்காலில் பழைய பேப்பரை விரித்து நெத்தலிக்குத் தலை கிள்ளும்போது. பரஞ்சோதி வேறு யாருமில்லை, அவருடைய செத்துப்போன மனைவி தங்கேஸ்வரியின் கூடப்பிறந்த தம்பி. அவன் ஒரு சொல் தரவேண்டியிருக்கிறது. பெரிய சொல்லும் இல்லை. அத்தான், நான் உங்களைத் தேடாமல் விட்டிட்டுப் போனது பிழை, அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். முப்பத்துமூன்று வருசமாக அந்த மூச்சு அவனுக்கு வரவில்லை. இந்த மாசியில் அவனுடைய நெஞ்சை வெட்டித் தைத்திருக்கிறார்களாம், மாடிப்படி ஏற விடுகிறார்கள் இல்லையாம். அதைக் கேள்விப்பட்டபோது குழந்தைவேலுவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சொல்லாமலே போய்விடுவானோ என்ற பயம்தான் வந்தது.

ஸ்காபரோவில் சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணி. சாப்பாட்டு மேசையில் மகள் சுகிர்தாவும் மருமகன் கேதீஸும் லப்ரொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி இருந்தார்கள். ஏன் முதுகைக் காட்டி இருக்கவேண்டும், அந்த மேசைக்கு நாலு பக்கமும் கதிரை இருக்கிறதே. இலை பார்க்கப் போகிறார்களாம். வடக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடி, ஹன்ஸ்வில்லும் தாண்டி, காட்டுக்குள் போய், இலை சிவப்பாய் மாறியிருக்கிறதைப் பார்த்துவிட்டு ஒரு இரவு தங்கி வருவார்களாம். "அடுத்த கிழமைதான் உச்சமாம். பிந்தினா ஒரு காத்தோட எல்லாம் கொட்டிப்போடும்" என்றான் கேதீஸ். சுகிர்தா எதையோ விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். தொட்டுக் காட்டுகிற கதை வாயால் சொல்ல ஏலாத கதையாகத்தான் இருக்கும். குழந்தைவேலு ஒரு நெத்தலியை எடுத்தார், பெருவிரல் நகத்தால் கழுத்தில் அழுத்தினார், தலையும் குடலும் ஒன்றாய் வந்தது. இந்த வீட்டில் இலை பார்க்க அவரை எந்த வருசமும் கூப்பிட்டதில்லை. போன வருசம் அவர்கள் போனபோது அவருக்குச் சோறும் பருப்பும் சமைத்து வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியில் எந்தத் தட்டில் எது என்று ஒரு துண்டும் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்த வருசம் மட்டும் அவருடைய சப்பாத்து அளவு தேவைப்படுகிறது. நேற்றுக் காலை சுகிர்தா வந்து, அப்பா, உங்களுக்குச் சப்பாத்து ஒன்பதோ ஒன்பதரையோ என்று கேட்டாள். ஏன் என்றதற்கு, சும்மா, என்றாள். சும்மா என்றால் ஒருநாளும் சும்மா இல்லை. அவர் ஒன்பதரை என்று பொய் சொன்னார், என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று, பிறகு இராத்திரி படுத்திருக்கும்போது பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மலையில் தடுக்கி விழுவதை நினைத்துப் பயந்து, காலையில் எழுந்து ஒன்பது என்று திருத்தினார்.

"ரெண்டு ரூம்" என்றாள் சுகிர்தா, குரலை இறக்கி. "ஒண்டில பெரிய கட்டில். மற்றதில ரெண்டு கட்டில்." அவர் கை நின்றது. வயதான மனிதனுக்குக் காது கேளாது என்று நினைத்துக் குரலை இறக்குகிறவர்களுக்கு ஒன்று தெரியாது, இறக்கின குரல்தான் காதுக்குள் நேரே போகும். பெரிய கட்டில் அவர்களுக்கு. சரி. மற்ற அறையில் ஒரு கட்டில் அவருக்கு. அதுவும் சரி. மற்றக் கட்டில் ஆருக்கு? பேரப்பிள்ளை வெளியூரில் படிக்கிறாள், நத்தார் லீவுக்குத்தான் வருவாள், அவள் இல்லை. தனிக் கட்டில் அறை கிடைக்காமல் இரண்டு கட்டில் அறையை எடுத்திருக்கலாம், கெட்டித்தனமாய் யோசித்தால் அப்படியும் இருக்கலாம். ஆனால் கேதீஸ் எதையும் கெட்டித்தனமாய் யோசிக்காமல் எடுக்கிற ஆள் இல்லை, ஒரு தோசைச் சட்டி வாங்குவதற்கு நாலு நாள் வாசிப்பான். அவனோடு வேலை செய்கிறவனின் தகப்பனை வடக்கே ஏரிக்கரையில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் விட்டிருக்கிறார்கள் என்று பங்குனியில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். நல்ல இடம் மாமா, யன்னலைத் திறந்தால் தண்ணிதான், என்றான். யாரும் கேட்காமல் அவன் ஏன் அதைச் சொன்னான்? அங்கேயும் ஒரு அறைக்கு இரண்டு கட்டில்தானே போட்டிருப்பார்கள். மற்றக் கட்டிலில் ஏற்கனவே ஒரு வெள்ளைக்காரக் கிழவன் படுத்திருப்பான், இவர் போனதும் தலையைத் தூக்கிப் பார்ப்பான், ஹலோ என்பான், அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. போகும்போது இலை பார்க்கலாம், வரும்போது காரில் ஒரு ஆள் குறையும். காரில் ஒரு ஆள் குறைவது எப்படி என்று அவருக்குத் தெரியாதா. அவரைவிட அதை நன்றாகத் தெரிந்தவன் இந்தக் கனடாவில் ஆர் இருக்கிறான்.

"மூண்டு பேராப் போகேலாது" என்று சுகிர்தா சொன்னாள். இப்போது கொஞ்சம் உரத்து, சிரித்துக்கொண்டு. "அம்மா இருந்தா வாசலிலயே மறிச்சிருப்பா." கேதீஸும் சிரித்தான். "அப்ப முத்தத்தில ஒரு கல்லை எடுத்துப் பின்னுக்கு வைப்பம். அதுதானே உங்கட ஆக்களின்ர வழக்கம்." அவள் அவனுடைய கையில் தட்டினாள். உஷ் என்றாள். இரண்டு பேரும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் நெத்தலியைப் பார்த்தார். பேப்பரில் ஒரு பக்கம் தலைகள், ஒரு பக்கம் உடல்கள், தலைகளுக்கெல்லாம் கண் இருந்தது. "உந்த மணத்துக்கு யன்னலைத் திறக்கட்டே மாமா?" என்றான் கேதீஸ், கதையை மாற்ற. "உங்களுக்குத்தான் பொரிக்கிறதுக்குக் கிள்ளுறன்" என்றார் அவர். "பொரிச்சாப் பிறகு மணக்காது உங்களுக்கு." கேதீஸ் யன்னலைத் திறந்தான். வெளியே பக்கத்து வீட்டு மேப்பிள் ஒரு கிளை மட்டும் சிவந்திருந்தது, மற்றதெல்லாம் பச்சை. ஒரு கிளைக்கு மட்டும் யாரோ முந்திப்போய் ரகசியம் சொல்லிவிட்டதுபோல.

உஷ் என்றாளே, அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், அந்தக் கதையைக் கேட்காத காது இந்த ஊரில் உண்டா. சாமத்தியச் சடங்கு, ஐம்பதாவது பிறந்தநாள், பரஞ்சோதியின் மகளின் கலியாணம், எங்கே பத்துப் பேர் கூடினாலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவன் தொடங்கிவிடுவான், சோதி அண்ணை, அந்தக் கல்லுக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. பரஞ்சோதி முதலில் மாட்டேன் என்பான், பிறகு சொல்லுவான், கையை ஆட்டி ஆட்டி. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. அத்தான் வந்து நாலு மாசம். இரண்டு காரில் எட்டுப் பேர் இலை பார்க்கப் போனோம். என்னுடைய காரில் நாலு பேர், நடராசாவின் காரில் நாலு பேர். மலையில் நின்று பார்த்துவிட்டு வெளிக்கிட்டால் என்னுடைய காரில் மூண்டு பேர். அத்தான் நடராசாவோட ஏறியிட்டாராக்கும் எண்டு நினைச்சன், அவன்ர காரிலதானே பாட்டுக் கேக்கும். மூண்டு பேர் பயணம் போகப்படாது, இறங்கி ஒரு கல்லை எடுத்து அத்தான்ர சீட்டில வைச்சன். இந்த இடத்தில் பரஞ்சோதி ஒருமுறை நிறுத்துவான். எல்லாரும் காத்திருப்பார்கள், தெரிந்த கதைதான் என்றாலும் காத்திருப்பார்கள். பெல்ற்றும் போட்டுவிட்டனான்! அப்போது எழும்புகிற சிரிப்பு இருக்கிறதே, அதில் தங்கேஸ்வரியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. குழந்தைவேலுவும் சிரிப்பார், பல்லைக் காட்டுவது சிரிப்பு என்றால். ஒருவன்கூட அந்த இடத்தில் கதையை மறித்துக் கேட்டதில்லை. கல்லைத் தேடி இறங்கியிருக்கிறாய். நல்ல கல்லாய்ப் பார்த்துக் குனிந்து எடுத்திருக்கிறாய். கொண்டுவந்து வைத்துப் பெல்ற்றும் கட்டியிருக்கிறாய். அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. அதில் பாதி நேரத்துக்கு, அத்தான் என்று ஒருதரம் கூப்பிட்டிருந்தால் போதுமே, காது கேட்கிற தூரத்தில்தானே இருந்தேன்.

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஊரில் வெங்காயம் வைத்தவர், இங்கே வந்து பிளாஸ்ரிக் மூடி செய்கிற இடத்தில் இருபத்திரண்டு வருசம் பெட்டி கட்டினவர், எட்டு எட்டாக அடுக்கிக் கட்டுவதுதான் வேலை. எட்டுப் பேர் வந்து ஏழு பேராய்ப் போவது பெட்டி கட்டுகிறவனுக்கு நடக்காத பிழை. மலையிலிருந்து கீழே மரங்களுக்குள் ஒரு மரக் கக்கூஸ் இருந்தது, அன்றைக்கு அவர் அதற்குத்தான் போயிருந்தார். போட்டிருந்த காற்சட்டை பரஞ்சோதியுடையது, இடுப்புக் கொளுவி இறுகிப் பிடித்துக்கொண்டது, திறக்கவும் நேரம், பூட்டவும் நேரம். வெளியே வந்து ஏறிப் பார்த்தால் கார் நின்ற இடத்தில் இரண்டு நீளச் சதுரம் மட்டும் இலை விழாமல் காய்ந்து கிடந்தது. முதலில் அவர் பகிடி என்றுதான் நினைத்தார். ஒளிந்து நின்று பார்க்கிறாங்கள், வரட்டும் என்று தடுப்பு மரத்தில் சாய்ந்து, தனக்கும் பகிடி விளங்கும் என்று காட்டுவதற்காக ஒரு சிரிப்பையும் முகத்தில் போட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று அவருக்குத் தெரியாது. கீழே மலை மலையாய்ச் சிவப்பு, ஊரில் இல்லாத சிவப்பு, பச்சைக்கு நடுவில் எரிகிறமாதிரி. வீடு எரியும்போதுதான் அவர் அப்படி ஒரு நிறத்தைக் கண்டிருந்தார். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. சிரிப்பு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. இங்கிலிஷில் அவருக்கு அப்போது ஆறேழு சொல்தான் வரும், அதில் ஒன்றும் காட்டுக்கு உதவாது. வீட்டு ரெலிபோன் நம்பர் பாடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே காகிதம். அகதிக் காகிதம், படம் ஒட்டினது, அதை வெளிக்கிடும்போது பரஞ்சோதி வாங்கித் தன்னுடைய பையில் வைத்திருந்தான். தாங்கோ அத்தான், நீங்கள் துலைச்சுப்போடுவியள், என்று. துலைத்தது ஆர்? காகிதம் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. ஆள்தான் துலைந்தது.

வாங்கி வைத்தானே, அதுதான் அவருக்கு இன்னும் பிடிபடாத இடம். ஒரு ஆளின் காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறவனுக்கு அந்த ஆளை மறக்குமா? பை பக்கத்தில் இருந்திருக்கும். தட்டிப் பார்த்திருப்பான். காகிதம் இருக்கு, ஆள் எங்கே என்று ஒரு நினைப்பு வராதா? அப்போது அவனுக்கு இவர் பாரம். நாலு மாசமாக அவனுடைய அறையில் படுக்கை, அவனுடைய காற்சட்டை, அவனுடைய கூட்டாளிகளுக்கு முன்னால் ஊர்ப் பேச்சு, கோப்பிக் கடையில் உரக்கத் தும்மினார் என்று அவன் முகம் சுருங்கியதை இவர் கண்டவர். வேண்டுமென்று விட்டான் என்று சொல்லவரவில்லை. வேண்டுமென்று இல்லை என்றும் சொல்லமாட்டார். ஒரு நிமிசம், ஒரேயொரு நிமிசம், இல்லாமலிருந்தால் நல்லது என்று நினைத்திருப்பான், அந்த நிமிசத்தில் கால் பெற்றோலை அழுத்தியிருக்கும். அப்படித்தான் இருக்கும். தங்கேஸ்வரிக்கு இதை ஒருமுறை சொன்னார். "உங்களுக்கென்ன விசரே? அவன் எனக்குத் தம்பி" என்றாள். பிறகு கடைசிக் காலத்தில், ஊசி போட்டுக் கிடக்கும்போது, "அவனோட ஒருக்காக் கதையுங்கோவன்" என்றாள். அவன் வந்து சொல்லட்டும் என்றார். "எதைச் சொல்லவேணும்?" என்று கேட்டாள். அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடுகிறவரைக்கும் தெரியவில்லை. செத்த வீட்டில் பரஞ்சோதி பெட்டிக்கு மற்றப் பக்கத்தில் நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கிடந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். மூக்கைச் சீறிக்கொண்டு போனான்.

ஒரு முள் நகக்கண்ணில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்து உறிஞ்சினார், உப்பும் மீனும் இரத்தமும். இந்த இடத்தில் நினைப்பை நிறுத்திவிடவேண்டும், எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார், இதற்கு அப்பால் மரங்கள்தான். சீருடை உடுப்புப் போட்ட ஒருவன் வந்தான். பச்சை வாகனம், பச்சைக் காற்சட்டை, இடுப்பில் கறுப்பாய் ஏதோ. அவன் குப்பைப் பெட்டிக்குப் பை மாற்ற வந்தவன் என்பதும் இடுப்பில் இருந்தது கதவுத் திறப்புக் கோர்வை என்பதும் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது உடுப்பு மட்டும். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடுப்புக்காரர் அவரைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள், காகிதம் எங்கே, காகிதம் எங்கே என்று அந்தப் பதினொரு நாளும் ஒரே கேள்விதான். அவருடைய கால் அவரைக் கேட்காமலே சரிவில் இறங்கி மரங்களுக்குள் ஓடியது. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்தார். ஈர இலை கன்னத்தில் ஒட்டியது. உடுப்புக்காரன் மேலே நின்று என்னவோ கூப்பிட்டான், அன்பாகத்தான் கூப்பிட்டிருப்பான், ஆரும் கீழே நிற்கிறீர்களா என்றுதான் கேட்டிருப்பான். இரண்டு அடி இறங்கினான். சருகு நொறுங்கின சத்தம் கேட்டது. அப்போதுதான் அது. சூடாக, தொடை வழியே, பரஞ்சோதியின் காற்சட்டைக்குள். நாற்பத்தொரு வயது ஆம்பிளை. அவன் ஏறிப் போய், வாகனம் போய், அதற்குப் பிறகும் அவர் எழும்பவில்லை. சூடு ஆறிக் குளிராய் மாறியது, பொழுது சாய்ந்தது, எழும்பவில்லை.

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. யாருக்கும் என்றால் தங்கேஸ்வரிக்கும் இல்லை. தெரிந்தவன் ஒருவன்தான். இரண்டு காரும் திரும்பி வந்து மேலே கதவுகள் அடிபட்டு, அத்தான், குழந்தைவேலண்ணை என்று கூப்பிடத் தொடங்கியபோது, முதலில் சரிவில் சறுக்கிக்கொண்டு வந்தது பரஞ்சோதி. தனிய வந்தான். வந்து நின்று பார்த்தான். முகத்தைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். தான் போட்டிருந்த நீண்ட நீலக் கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டு, முழங்கால் வரைக்கும் எல்லாப் பொத்தானையும் ஒவ்வொன்றாய்ப் பூட்டினான். பிறகு மேலே திரும்பி மற்றவர்களுக்குக் கேட்கத்தக்கதாக, "ஆள் இஞ்சதான் நிக்கிறார்! அத்தான்ர இடத்தில கல்லெல்லோ ஏறி இருந்தது, பெல்ற்றும் போட்டுக்கொண்டு!" என்று கத்தினான். மேலே சிரிப்புத் தொடங்கியது. சிரிப்புக்குள்ளேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றினான். எல்லாரும் கல்லைத்தான் பார்த்தார்கள். காரில் இவருக்குப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எஞ்சின் சூடாய்க் கிடக்கு, காத்து வரட்டும், என்றான். முப்பத்துமூன்று வருசமாகச் சொல்கிற கதையில் கோட்டு வராது. கண்ணாடி இறக்கினது வராது. கல்லோடு கதை முடிந்துவிடும், ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் குழந்தைவேலு கதிரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்றைக்குச் சொல்லப்போகிறான், இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று வேர்த்துப்போய் இருப்பார். சொல்லமாட்டான். இதை வேறு விதமாகவும் எடுக்கலாம், அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எடுத்தால் பிறகு என்ன மிஞ்சும்? சொல்லாததைக் கையில் வைத்திருக்கிறான். என்றைக்காவது தேவைப்படும் என்று பத்திரமாய் வைத்திருக்கிறான், காகிதத்தை வாங்கி வைத்தமாதிரி.

"அப்பா." சுகிர்தா மேசையை விட்டு எழும்பி வந்து அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தாள். எப்போது வந்தாள்? "கோபிக்கக் கூடாது." அவர் விரலைத் துடைத்தார். "மற்றக் கட்டில் அவனுக்கோ?" என்றார். அவள் கண் விரிந்தது. "பாத்தீங்களே கேதீஸ், காது கேக்கேல்லை கேக்கேல்லை எண்டு எங்களைப் பேய்க்காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்." கேதீஸ் அங்கிருந்தபடி, "மாமாவுக்குத் தேவையானது கேக்கும்" என்றான். "நான் கேக்கிறதுக்குச் சொல்லு பிள்ளை. அவனுக்கோ?" "ஓமப்பா. சோதி மாமாதான் கேட்டவர். நாங்கள் போறம் எண்டு கேள்விப்பட்டு அவராத்தான் எடுத்துக் கேட்டவர். அந்த இடத்துக்கு இன்னொருக்காப் போகவேணுமாம். உங்களோடதான் போகவேணுமாம்." "ஏனாம்?" "எனக்கெப்பிடித் தெரியும்? ஏலாத மனிசன், ஆசைப்படுறார்." "ஆசைப்படுறதுக்கு அங்க என்ன கோயிலே இருக்கு?" "அப்பா, தாய் தேப்பன் இல்லாத பிள்ளை மாதிரி அந்தாள் ஒவ்வொருநாளும் எடுத்துக் கேக்குது, அத்தான் ஓமெண்டவரோ, அத்தான் ஓமெண்டவரோ எண்டு. நான் என்ன சொல்ல?" முதியோர் இல்லம் இல்லை. நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது, அவிழ்ந்த இடத்திலேயே இன்னொன்று விழுந்தது. ஏன் அந்த இடம்? ஏன் இப்போது? சொல்லவேண்டியதைச் சொல்லப்போகிறானா, இல்லை, சொல்லக்கூடாததைச் சொல்லப்போகிறானா? சாகப் போகிறவன் நெஞ்சில் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். தடுப்பு மரத்தில் சாய்ந்து நின்று, கீழே கையைக் காட்டி, பிள்ளை, அந்தா, அந்த மரத்துக்குப் பின்னாலதான் கொப்பர் என்று தொடங்கினால்? அவர் கேட்க ஏங்குகிற சொல்லும் கேட்கப் பயப்படுகிற சொல்லும் ஒரே வாய்க்குள் கிடக்கின்றன. வாயைத் திறந்தால் எது முதலில் வரும் என்று ஆருக்குத் தெரியும். போகாமல் விட்டால் இரண்டும் வராது. போகாமல் விட்டு அவன் செத்துப்போனால் இரண்டும் அவனோடு போய்விடும். அது நல்லதா? நல்லதென்று ஒரு கணம் நினைத்தார். உடனே அந்த நினைப்பைப் பார்த்து அவருக்கே கோபம் வந்தது. எனக்குத் தரவேண்டியதை எரிக்கிற பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போக அவனை விடுவேனா.

சுகிர்தா ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள், அவர் ஓமென்று சொல்லமுதலே. "மாமா, அப்பா பக்கத்திலதான். குடுக்கிறன்." மீன் கையோடு வாங்கினார். "அத்தான்" என்றது அந்தப் பக்கம். குரல் மெலிந்துபோயிருந்தது, ஊரில் பள்ளிக்கூடம் போன காலத்துச் சோதியின் குரல்போல. "ம்" என்றார். "சுகமே?" "இருக்கிறன்." "பிள்ளை சொன்னவளே?" "சொன்னவள்." "அங்க குளிருமாம் அத்தான். காலமையில நல்லாக் குளிருமாம். என்னட்டை அந்த நீலக் கோட்டு இன்னும் கிடக்கு. கொண்டுவாறன்." அவருடைய முதுகில் மயிர் குத்திட்டது. முப்பத்துமூன்று வருசத்தில் முதல்தரம் அந்தக் கோட்டு அவன் வாயில் வந்திருக்கிறது. மிரட்டுகிறானா? குரலில் மிரட்டல் இல்லை. குரலில் இல்லாவிட்டால் இல்லை என்றாகிவிடுமா? "எனக்கு வேண்டாம்" என்றார். "என்னட்டை ஜக்கெற் இருக்கு. என்ர அளவில." "சரி அத்தான், சரி." இருமினான். இருமல் முடிய அங்கே யாரோ தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்டது. "அத்தான், அண்டைக்கு நான்..." என்றான். குழந்தைவேலு ரெலிபோனைக் காதோடு அழுத்தினார். கேதீஸ் லப்ரொப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். "அண்டைக்கு நான் அந்தக் கல்லை..." குனிந்து எடுத்தாய். சொல்லு. எடுக்க நேரம் இருந்தது. சொல்லு. "கல்லை?" என்றார் குழந்தைவேலு. "எங்க எறிஞ்சனான் எண்டு யோசிச்சுப் பாக்கிறன், ஞாபகம் வருகுதில்லை. உங்களுக்கு ஞாபகமிருக்கே?" இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். "நீ எறியேல்லை" என்றார். "எறியேல்லையோ?" "நீ சொல்லவேண்டியதை அங்க வந்து சொல்லு." "என்னத்தை அத்தான்?" கேட்கிறானே, என்னத்தை என்று. தெரியாமல் கேட்கிறானா, தெரிந்து கேட்கிறானா, அந்தக் குரலை உரித்துப் பார்த்தாலும் தெரியாது. "வெள்ளிக்கிழமை காலமை ஏழு மணி" என்றார். "நாங்கள் வருமட்டும் வாசலுக்கு வராதை, குளிர் பிடிச்சுப்போடும். ஹோர்ன் அடிப்பம்." அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. கோபமாகத்தான் சொன்னார்.

சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெலிபோனை வாங்கி, அதில் ஒட்டியிருந்த நெத்தலிச் செதிலையும் துடைத்தாள். என்னவோ சமாதானம் நடந்துவிட்டதுபோல அவள் முகம் இருந்தது. நினைக்கட்டும். "அப்ப நாலு பேர்" என்றான் கேதீஸ், தட்டிக்கொண்டு. "மாமா, நீங்கள் முன் சீட்டோ? முன்னுக்கு இருந்தாத்தான் இலை வடிவாத் தெரியும்." "பின்னுக்கு" என்றார். "அவனுக்குப் பக்கத்தில." "அது இடைஞ்சலெல்லோ மாமா உங்கட முழங்காலுக்கு?" "இடைஞ்சலா இருக்கட்டும்." பேப்பரை நாலு மூலையும் சேர்த்து மடித்துத் தலைகளைக் குப்பையில் கொட்டினார், உடல்களைக் கழுவ வைத்தார், சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கை கழுவினார். மணம் போகவில்லை. மேலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

அலுமாரியிலிருந்து ஜக்கெற்றை எடுத்துக் கட்டிலில் விரித்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, இருக்கட்டும். வைத்திய அட்டை, குடியுரிமைக் காகிதம், இரண்டையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு உள் பையில் வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினார். சுகிர்தாவின் நம்பர் பாடம், ஆனாலும் ஒரு துண்டில் எழுதினார், எண் எண்ணாய், பெரிதாக, காட்டுக்குள் இருட்டுப்பட்டாலும் தெரிகிறமாதிரி. அதையும் வைத்தார். திறந்து பார்த்தார். பூட்டினார். பிறகு லாச்சியை இழுத்து, அடியில், பழைய காற்சட்டைத் துணி ஒன்றில் சுற்றியிருந்ததை எடுத்தார். கையளவுதான். சாம்பல் நிறம், ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு ஓடும். அன்றைக்குக் காரில் ஏறியபோது பெல்ற்றைக் கழற்றி, கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் இடத்தில் உட்கார்ந்தார். கோட்டைத் திருப்பிக் கொடுத்தார், காற்சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பரஞ்சோதி, வைச்சிருங்கோ அத்தான், என்றான். கல்லை அவன் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. அவன் சொன்னானென்றால் கல்லைக் கொண்டுபோய் அந்தத் தடுப்பு மரத்தடியில் வைத்துவிட்டு வருவார், ஒரு சொல்லும் பேசமாட்டார். சொல்லாவிட்டால் கல் திரும்பவும் இந்த லாச்சிக்கு வரும். கீழே சுகிர்தா யாருக்கோ, அப்பா ஓமெண்டிட்டார், ஓமெண்டிட்டார், என்று சொல்வது கேட்டது. கல்லை வெளிப் பையில் போட்டார். ஜக்கெற் ஒரு பக்கமாகச் சரிந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று நேராய் நிற்கப் பார்த்தார், நிற்கவில்லை, அந்தப் பக்கத் தோள் இறங்கித்தான் நின்றது. உள் பையைத் தட்டிப் பார்த்தார். காகிதம் இருந்தது. இந்தமுறை எல்லாம் அவரிடமே இருந்தது, அவன் தரவேண்டியதைத் தவிர.